உறைந்த மழையில் ஓர் இரவு



நம்முடைய தமிழ் வேதாகமத்தை மொழிபெயர்த்த முன்னோர் ஒரு சிக்கலைச் சந்தித்திருக்க வேண்டும். வானத்திலிருந்து வெண்பஞ்சு போல் விழுந்து தரையை மூடுகிற அந்தப் பொருளுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது? தாமிரபரணிக் கரையில் பிறந்தவர்களுக்குப் பனி என்றால் மார்கழி மாதத்துப் புல்நுனியில் நிற்கும் துளிதான். ஆகவே அவர்கள் 'உறைந்த மழை' என்று எழுதினார்கள். தாவீதின் பராக்கிரமசாலியான பெனாயா சிங்கத்தைக் கொன்றது அப்படிப்பட்ட உறைந்த மழை நாளில்தான் என்று 2 சாமுவேல் 23:20-இல் காண்கிறோம். இந்தப் பகுதியை நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் சிங்கத்தைப் பற்றியே பேசினேன். உறைந்த மழையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியதில்லை. அது எத்தகையது என்று 2023-ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில்தான் அறிந்துகொண்டேன்.

புனேயில் வாழும் நமக்குச் சேறு புதிதல்ல. ஆடி மாத மழையில் முல்ஷி, தாம்ஹிணி மலைச்சாலைகளை விட்டுச் சற்று இறங்கினால் செம்மண் சேறு சக்கரத்தை விழுங்கிவிடும். ஆனால் சேற்றில் மாட்டினால் அரை மணி நேரத்திற்குள் ஒரு டிராக்டரோ, நான்கு கிராமத்து வாலிபர்களோ வந்துவிடுவார்கள். உதவிக்கு ஒருவரும் வர இயலாத இடத்தில் மாட்டிக்கொள்வது வேறு விதமான அனுபவம்.

பிரயாணத்தின் நோக்கம்

நாங்கள் மூவர். ஒருவர் எங்கள் சபையின் மூப்பர், வயது 68. இராணுவத்தில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியாளர் படைப்பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்று, தாபோடியில் குடியேறியவர். இன்னொருவர் சாக்கன் பகுதியில் வேலை செய்யும் வாலிபர். நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் வண்டியைத் தவணையில் வாங்கியிருந்தார். மூன்றாவது ஆள் நான்.

வேதாகமக் கல்லூரியில் சபைச் சரித்திர வகுப்பில் மொராவிய மிஷனெரிகளைப் பற்றிக் கேட்ட நாளிலிருந்து, இமாசலப் பிரதேசத்தின் லாஹவுல் பள்ளத்தாக்கிலுள்ள கேலாங் என்ற ஊரைக் காண வேண்டும் என்ற வாஞ்சை எனக்கு இருந்தது. ஹைட, பாகெல் என்னும் இரு ஜெர்மானியர் மங்கோலியாவுக்கு ஊழியம் செய்யப் புறப்பட்டவர்கள். ரஷ்யா வழி அடைபட்டது. இந்தியா வழியாக வந்தபோது திபெத்தின் வாசலும் அடைபட்டது. அவர்கள் எங்கே தடுக்கப்பட்டார்களோ அதற்கு அருகிலேயே, 1856-இல் கேலாங்கில் ஒரு மிஷன் நிலையத்தை நிறுவினார்கள். அடுத்த ஆண்டு அங்கு வந்த யேஷ்கே என்பவர் திபெத்திய மொழியில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார்; அவர் மரித்த பின்பு 1885-இல் அது அச்சாகி வெளிவந்தது. 1853-இல் ஐரோப்பாவை விட்டுப் புறப்பட்ட ஹைட, 1903-இல்தான் தாயகம் திரும்பினார். ஐம்பது ஆண்டுகள்! அடைபட்ட வழியில் முட்டி மோதாமல், நின்ற இடத்தில் ஊன்றியவர்கள் அவர்கள்.

புனேயிலிருந்து மணாலி சுமார் 2,000 கிலோமீட்டர். முன்பெல்லாம் குளிர்காலம் வந்தால் 3,978 மீட்டர் உயரமுள்ள ரோத்தாங் கணவாய் மூடிக்கொள்ளும். லாஹவுல் மக்கள் மாதக்கணக்கில் வெளியுலகத் தொடர்பின்றி இருப்பார்கள். 2020 அக்டோபர் 3-ஆம் தேதி திறக்கப்பட்ட, ஒன்பது கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை அந்த நிலையை மாற்றியது. மலையின் ஒருபுறம் தேவதாரு மரங்களின் பசுமை; சில நிமிடங்களில் மறுபுறம் வெளியே வந்தால் கண் கூசும் வெண்மை. சிஸ்ஸு கிராமத்தைக் கடந்து, சந்திரா, பாகா என்னும் இரு ஆறுகள் கூடும் தாண்டி என்னுமிடத்தைத் தாண்டிக் கேலாங் வந்து சேர்ந்தோம்.

அங்கே ஒரு வயதான தாயாரிடம் வண்ணக் கோலமிட்ட கம்பளிக் காலுறைகள் மூன்று ஜோடி வாங்கினேன். இந்தப் பின்னல் வேலையைத் தங்கள் பாட்டிமாருக்குக் கற்றுக்கொடுத்தது மிஷனெரி அம்மாதான் என்றார் அவர். அந்தக் காலுறைகள் மறுநாள் இரவு எங்கள் கால்களைக் காக்கப்போகின்றன என்று அப்போது அறியவில்லை.

நான் செய்த தவறு

இதை மறைக்காமல் எழுத வேண்டியிருக்கிறது. நாங்கள் தங்கியிருந்த வீட்டுப் பெரியவர் காலையில் ஒரு வார்த்தை சொன்னார்: "நண்பகலுக்குப் பிறகு தார்ச்சாலையை விட்டுக் கீழே இறங்காதீர்கள். வெயில் பட்டால் பனி இளகிவிடும். மேலே பார்த்தால் கெட்டியாகத் தெரியும், உள்ளே ஒன்றும் இராது."

ஜிஸ்பா கிராமத்தைத் தாண்டிச் சுமார் ஆறு கிலோமீட்டர் சென்றோம். அங்கே பாகா ஆற்றங்கரைக்கு ஒரு மண்பாதை இறங்கியது. அந்தக் கரையில் முழங்காலிட்டு அந்தப் பள்ளத்தாக்கிற்காக ஜெபிக்க வேண்டும் என்று எனக்கு ஏவுதல் உண்டானது. அதோடு, சபையில் காட்டுவதற்கு நல்ல புகைப்படம் ஒன்றும் கிடைக்கும் என்ற எண்ணமும் இருந்தது. அப்போது பிற்பகல் மூன்று மணி. தம்பி தயங்கினார். மூப்பர் ஐயா, "வேண்டாம் பாஸ்டர்" என்றார். நான், "விசுவாசத்தோடு இறங்கு தம்பி, கர்த்தர் நடத்துவார்" என்றேன்.

ஒரு கிலோமீட்டர் இறங்கியிருப்போம். வண்டியின் முன்பகுதி மெதுவாக அமிழ்ந்தது. சத்தமே இல்லை.

தம்பி ஆக்சிலேட்டரை அழுத்தினார். சக்கரங்கள் சுழன்றன, வண்டி நகரவில்லை. நான் இறங்கிப் பின்னாலிருந்து இயேசுவின் நாமத்தைச் சொல்லித் தள்ளினேன். மீண்டும் அழுத்தினார். முகத்தில் பனித்தூள் அடித்தது. நான்காம் முறை அழுத்தியபோது வண்டியின் அடிவயிறு பனியின்மேல் உட்கார்ந்துவிட்டது. அப்போது மூப்பர் ஐயா முதன்முறையாகக் குரலை உயர்த்தினார்: "தம்பி, என்ஜினை நிறுத்து! பாஸ்டர், நீங்களும் நிறுத்துங்கள்!"

தோண்டியதும் கற்றதும்

அவர் முதலில் செய்தது, சுற்றி நடந்து பார்த்ததுதான். ஐந்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எங்களுக்கு விளக்கினார். வேகமாகச் சுழலும் சக்கரம் உராய்வினால் சூடாகி, அடியிலுள்ள பனியை உருக்குகிறது. அந்த நீர் உடனே உறைந்து கண்ணாடிபோல் வழுக்குகிறது. நாம் விடுதலைக்காக எடுத்த ஒவ்வொரு முயற்சியும் நம் குழியை மெருகேற்றியிருந்தது!

நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் வண்டியானால் நான்கும் சேர்ந்து இழுக்கும் என்று நான் நினைத்திருந்தேன். அப்படியல்ல. வளைவுகளில் இரு பக்கத்துச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் ஓடும்படி அச்சின் நடுவே டிஃபரன்ஷியல் என்னும் பல்சக்கரத் தொகுதி உண்டு. அதைப் பூட்டும் வசதி இல்லாத வண்டியில், பிடிமானம் இழந்த சக்கரம் வீணாகச் சுழலும். பிடிமானமுள்ள சக்கரமோ அசையாமல் நிற்கும். பெலனெல்லாம் பயனற்ற இடத்திற்கே ஓடிப்போகும்.

கைபேசியில் சிக்னல் இல்லை. ஜிஸ்பாவுக்கு நடக்கலாமா என்று கேட்டேன். தொடையளவு இளகிய பனியில் நனைந்து, இருட்டும் நேரத்தில், 3,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் நடப்பதைவிட வண்டியோடு தங்குவதே பாதுகாப்பு என்றார் மூப்பர். வண்டி நிழல் தரும். தூரத்திலிருந்தும் கண்ணுக்குத் தெரியும்.

எங்களிடம் மடக்கு மண்வெட்டி ஒன்றும், சாப்பாட்டுத் தட்டுகள் மூன்றும் இருந்தன. முதலில் புகைப்போக்கிக் குழாயைச் சுற்றித் தோண்டினோம். பிறகு வண்டியின் அடிவயிற்றைத் தாங்கியிருந்த பனியைச் சுரண்டி எடுத்தோம். வண்டியின் பாரம் மீண்டும் சக்கரங்களின்மேல் வந்து உட்கார்ந்தால்தான் சக்கரத்திற்குப் பிடிமானம் என்றார் மூப்பர். வியர்வை வரும்படி வேலை செய்ய விடவில்லை. வியர்த்த உடை பிறகு உறைந்துபோகும் என்று சொல்லி, பத்து நிமிடத்திற்கு ஒருமுறை ஆள் மாற்றினார். டயர்களின் காற்றை 32-லிருந்து 18-க்குக் குறைத்தோம். காற்றுக் குறைந்த டயர் தரையில் அகன்று படிகிறது, பாரம் பரவுகிறது. ஆப்பிள் பெட்டிப் பலகையின்மேல் ஜாக்கியை வைத்து ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கி, அடியில் ஆற்றுக் கற்களையும் கால்மிதிகளையும் இட்டு நிரப்பினோம்.

பின்பு அவர் செய்த காரியம் எனக்கு ஆச்சரியமாயிருந்தது. வண்டிக்குப் பின்னால் பன்னிரண்டு மீட்டர் தூரத்தில் இடுப்பளவு குழி தோண்டி, ஸ்டெப்னி டயரை அதில் புதைத்து, வலுவான பட்டையைக் கட்டி, மேலே பனியைப் போட்டு மிதித்து இறுக்கினார். கட்டி இழுக்க ஒரு மரமும் இல்லாத இடத்தில் அதுவே எங்கள் நங்கூரம். கையால் இயக்கும் இழுவைக் கருவி ஒன்றை அதற்கும் வண்டியின் பின்கொக்கிக்கும் நடுவே மாட்டினார்.

இருட்டிவிட்டது. தம்பி சாவியைக் கையில் எடுத்தார். மூப்பர் தடுத்தார். "இப்போது ஓட்டினால் போட்ட கல்லும் புதைந்துவிடும். பகலெல்லாம் இளகிய பனி இது. விடியும்வரை உட்காருவோம். இந்தக் குளிர் இதைக் கெட்டியாக்கட்டும்."

அந்த இரவு

உட்காருவதுதான் எல்லாவற்றிலும் கடினமான வேலையாயிருந்தது. ஹேண்ட் பிரேக் போட்டால் உறைந்து பிடித்துக்கொள்ளும் என்பதால், கியரில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கல் முட்டுக்கொடுத்தோம். மணிக்கு ஒருமுறை, ஒருவர் இறங்கிப் புகைப்போக்கியைப் பனி அடைக்கவில்லை என்று பார்த்த பிறகே, பத்து நிமிடம் என்ஜினை ஓட்டினோம். ஒரு கண்ணாடியை விரலளவு திறந்து வைத்தோம். ஒருவர் எப்போதும் விழித்திருந்தார். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் மர்ரி மலைப்பகுதியில் பனியில் சிக்கிய கார்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை வாசகர்கள் நினைவுகூரலாம். வண்டியின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர்கள் தூக்கத்திலேயே போய்விடுவார்கள்.

மூப்பர் ஐயா தூக்கம் வராதிருக்கும்படி 1948-ஆம் ஆண்டின் கதையைச் சொன்னார். ஜோஜிலா கணவாய் சுமார் 3,500 மீட்டர் உயரம். எதிரிகள் அதைப் பிடித்துக்கொண்டதால் லடாக் செல்லும் வழி அடைபட்டிருந்தது. கோவேறு கழுதைகள் செல்லும் பாதையை டாங்கிகள் செல்லும்படி அகலப்படுத்தியவர்கள் மெட்ராஸ் சாப்பர்ஸ். நம் தென்னாட்டு வாலிபர்கள். பாறையை வெடிவைத்து உடைத்து, பனியை வாரி, அந்தப் பாதையை அமைத்தார்கள். நவம்பர் 1-ஆம் தேதி, 7-ஆம் லைட் கேவல்ரியின் ஸ்டூவர்ட் டாங்கிகள் பனிக்குள் ஏறிச் சென்றன. அவ்வளவு உயரத்தில் டாங்கி வரும் என்று எதிரி எண்ணவே இல்லை. "டாங்கியைப் பற்றி எல்லாரும் எழுதுவார்கள் பாஸ்டர். மண்வெட்டியைப் பற்றி யாரும் எழுதமாட்டார்கள்" என்றார்.

நள்ளிரவுக்குப் பிறகு தம்பி அழ ஆரம்பித்தார். குளிரினால் என்று நினைத்தேன். "பாஸ்டர் ஐயா, இந்த வண்டிக்கே நான் நான்கு மாதமாகத் தவணை கட்டவில்லை" என்றார். வண்டிக் கடனைக் கட்டக் கடன் அட்டை. அட்டையைக் கட்டத் தனிநபர் கடன். அதைக் கட்ட ஊரில் அக்காவின் நகை. மனைவிக்குத் தெரியாது. ஒவ்வொரு மாதமும் இன்னும் கொஞ்சம் அழுத்தினால் வெளியே வந்துவிடலாம் என்று நினைத்ததாகச் சொன்னார்.

நான் என்ன ஆலோசனை சொல்வது? அன்று பிற்பகலில் அதையேதான் நானும் செய்திருந்தேன். ஊர்ப் பெரியவர் சொன்னதைக் கேளாமல், மூப்பரைக் கேளாமல், என் பிடிவாதத்திற்கு விசுவாசம் என்று பெயரிட்டு, இரண்டு பேருடைய உயிரை ஆற்றங்கரைக்கு இறக்கினேன். தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொன்ன குரலும் வேதவசனத்தோடுதான் வந்தது என்பது எனக்கு நினைவுக்கு வந்தது. அந்த இருட்டில் இருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். மூவரும் கைகோத்து ஜெபித்தோம். சத்தமிட்டு ஜெபிக்கிற நாங்கள் அன்று மெதுவாக ஜெபித்தோம்.

வானத்தில் ஒரு மேகமும் இல்லை. வண்டியின் கருவி மைனஸ் ஒன்பது காட்டியது. "ஆண்டவரே, குளிரைக் குறைத்தருளும்" என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

விடியற்காலை

ஐந்தரை மணிக்கு மூப்பர் இறங்கி, பூட்ஸ் குதிகாலால் பனியை ஓங்கி மிதித்தார். மரப்பலகையைத் தட்டியதுபோல் ஓசை கேட்டது. நேற்று தொடைவரை உள்வாங்கிய பனி இன்று ஆளைத் தாங்கி நின்றது. கர்த்தர் என் ஜெபத்திற்குச் செவிகொடாமல் போனதே எங்களுக்கு இரட்சிப்பாயிற்று! எங்களைக் கொன்றுவிடும் என்று நான் அஞ்சிய அந்தக் குளிரே, எங்களைத் தாங்கும் தரையாய் மாறியிருந்தது.

இழுவைப் பட்டையின்மேல் கனமான கம்பளியைப் போட்டார்; அறுந்தால் அது சவுக்குப்போல் அடிக்காமல் கீழே விழும். பட்டையின் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது என்று என்னைப் பக்கவாட்டில் நிறுத்திக் கைப்பிடியைக் கொடுத்தார். தம்பியிடம், "முன்னால் போக நினைக்காதே. வந்த தடத்திலேயே பின்னால் போக வேண்டும். நாம் ஏற்கெனவே அழுத்திக் கெட்டியாக்கிய தடம் அது ஒன்றுதான். ஆக்சிலேட்டரை முட்டையை மிதிப்பதுபோல் மிதி" என்றார்.

ஒரு சாண் நகர்ந்தது. நின்றோம். கல்லை எடுத்து மறுபடி வைத்தோம். மறு சாண். நாற்பது நிமிடங்களில் வண்டி கெட்டியான தடத்தில் நின்றது. வந்த வழியே பின்னோக்கி ஊர்ந்து, திரும்ப இடமுள்ள வளைவில் திருப்பி, சாலை ஏறி, டயர்களுக்குக் காற்றடித்தபோது சூரியன் சிகரங்களைத் தொட்டது. அந்த ஆற்றங்கரையில் நான் முழங்காலிடவே இல்லை, தார்ச்சாலையில் முழங்காலிட்டேன்.

நமக்கு

ஏசாயா 30-ஆம் அதிகாரம் 15, 16 வசனங்களை அருள்கூர்ந்து எடுத்து வாசியுங்கள். திரும்பி வருவதிலும் அமைதியாய்க் காத்திருப்பதிலும் இரட்சிப்பு உண்டு என்கிறார் கர்த்தர். ஜனங்களோ, எங்களுக்கு வேகமான குதிரைகள் உண்டு, ஓடிவிடுவோம் என்கிறார்கள். அந்தக் குதிரைகளின் இடத்தில் இன்று நாம் எதை வைத்திருக்கிறோம்? இன்னொரு கடன், இன்னொரு இரவு நேர வேலை, ஆராயாமல் அறிக்கையிடும் இன்னொரு விசுவாச வார்த்தை. சொந்த ஊரை விட்டு நகரத்திற்கு வந்த நமக்கு, நின்றுவிட்டால் தோற்றுவிட்டோம் என்ற பயம் எப்போதும் உண்டு. ஊரில் என்ன சொல்வார்கள் என்ற பயம் அதைவிட அதிகம். அதனால் அழுத்திக்கொண்டே இருக்கிறோம்.

அமர்ந்திருத்தல் சோம்பல் அல்ல. நாங்கள் நான்கு மணி நேரம் தோண்டிய பிறகே அமர்ந்தோம். செய்ய வேண்டியதைச் செய்து, அடிவயிற்றில் அடைத்திருப்பதை அகற்றி, உள்ளே இருக்கும் வீண் காற்றைக் குறைத்து, பிறகு கர்த்தருடைய வேளைக்குக் காத்திருப்பதே அது. வெளியேறும் வழியும் பெரும்பாலும் முன்னால் இல்லை. வந்த தடத்திலேயே பின்னால் இருக்கிறது. மனந்திரும்புதல் என்று நாம் சொல்வது அதைத்தானே?

தம்பி புனேக்குத் திரும்பிய வாரமே மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அந்த வண்டியை விற்றார். வங்கிக்கு நேரில் சென்று பேசினார். அக்காவின் நகையை மீட்கப் பதினான்கு மாதம் ஆயிற்று. இன்னும் ஒரு கடன் மீதி உண்டு. சாண் சாணாகக் கட்டிக்கொண்டிருக்கிறார். அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். நானும் அடுத்த ஞாயிறு ஆராதனையில் சபைக்கு முன்பாக என் தவற்றை அறிக்கையிட்டேன். புகைப்படத்தைக் காட்டுவதைவிட அது எனக்குக் கடினமாயிருந்தது.

மலைநாடுகளுக்குப் பிரயாணம் செய்யும் வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை: மண்வெட்டி, கயிறு, காற்றடிக்கும் கருவி, கம்பளி, ஒரு நாளுக்கு மேற்பட்ட உணவும் நீரும் இல்லாமல் போகாதீர்கள். அந்த ஊரார் சொல்வதைக் கேளுங்கள். உங்களோடு வரும் முதியவரின் 'வேண்டாம்' என்ற சொல்லுக்குச் செவிகொடுங்கள். அந்தச் சொல்லின் வழியாகவும் கர்த்தர் பேசுகிறார்.

இதை வாசிக்கும் உங்களில் யாரேனும் இன்று ஏதோ ஒன்றில் அமிழ்ந்து, சக்கரம் சுழன்றுகொண்டே இருக்கிற நிலையில் இருப்பீர்களானால், முதலில் நிறுத்துங்கள். உண்மையை ஒருவரிடமாவது சொல்லுங்கள். உளையான சேற்றிலிருந்து தாவீதைத் தூக்கிக் கன்மலையின்மேல் நிறுத்தினவர், இரவெல்லாம் உங்களுக்காகத் தரையைக் கெட்டியாக்க வல்லவர்.

கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.